தாள் எங்கே என்று கேட்டால் ரவுடிக்கு ஆதரவா?

புதன்கிழமைப் பதிவின் கீழே என்ன நடந்தது என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும் என்பதால் அதை மறுபடி விரிக்கப் போவதில்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு சரியானது என்று நான் எழுதிய நான்கு வரிக்கு, "அக்கா, மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம்? கூலிப்படைக்காரனுக்கும் கஞ்சா கடத்துகிறவனுக்கும் நீங்கள் வக்காலத்து வாங்குவீர்கள் என்று நினைக்கவில்லை" என்று ஒரு தம்பி எழுதினார். அதற்கு எத்தனை விருப்பக்குறிகள்! முகம் தெரியாதவர் என்றால் கடந்து போயிருப்பேன். அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். இதையெல்லாம் சொல்லிக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன்; சொல்லிவிட்டேன், போகட்டும்.

ஒட்டுக்கேட்கவே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. தாராளமாகக் கேளுங்கள், ஆனால் கேட்பதற்கு முன்னால் சட்டப்படியான தாள் ஒன்று இருக்க வேண்டும், அதில் கையெழுத்திடுகிறவர் கேட்கத் துடிக்கிற தரப்பைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நான் சொன்னது. இதில் கூலிப்படை எங்கிருந்து வந்தது?

தீர்ப்பைப் படிக்காமலே கோபப்பட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 ஆகஸ்டில், ஒரு லஞ்ச வழக்கில், மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பிரிவு 5(2)இல், பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு வாசல்களைத்தான் திறந்து வைத்திருக்கிறது, சாதாரணக் குற்றத்தை ரகசியமாகத் துப்பறிவது அந்த இரண்டிலும் அடங்காது என்றார். பதிவு செய்த உரையாடல்கள், இத்தகைய உத்தரவுகளைச் சரிபார்க்கிற மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பதையும் எடுத்துக் காட்டினார். கோப்பைப் போக வேண்டிய மேசைக்கு அனுப்பாதவர்கள் மீது வராத கோபம், அதைச் சுட்டிக் காட்டிய நீதிபதி மீதும் என் மீதும் வருகிறது. (அதற்குச் சில நாட்கள் முன்பு தில்லி உயர் நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில் மாறாகச் சொன்னது எனக்கும் தெரியும், இணைப்பை அனுப்பிப் பாடம் எடுக்க வேண்டாம்.)

"லஞ்சம் வேறு, ரவுடிக் கும்பல் வேறு, கும்பலைப் பிடிக்கும்போது தாளும் முத்திரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று அடுத்து ஒருவர் வருவார். முடியும். நியூயார்க்கின் ஜான் காட்டி, வழக்குகளிலிருந்து தொடர்ந்து தப்பியதால் எதுவும் ஒட்டாத 'டெஃப்லான் டான்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த மாஃபியா தலைவர். அவருடைய கும்பல் கூடும் ராவனைட் மன்றத்தில் ஒலிவாங்கி வைத்துப் பார்த்த எஃப்.பி.ஐ.க்கு, முக்கியமான பேச்சு மட்டும் மேலே ஒரு விதவை குடியிருந்த வீட்டில் நடக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1989இல் அந்த விதவை ஊரில் இல்லாத நாட்களில் அங்கேயும் கருவியைப் பொருத்தினார்கள். நீதிமன்ற அனுமதியோடுதான் பொருத்தினார்கள். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, வேறு வழிகள் பலிக்கவில்லை என்று நீதிபதிக்கு விளக்க வேண்டும், ஒரு உத்தரவு 30 நாட்களுக்கு மேல் செல்லாது, வழக்குக்குத் தொடர்பில்லாத பேச்சைக் கேட்பதை இயன்ற அளவு குறைக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு உங்களைக் கேட்டோம் என்று அந்த ஆளுக்கே தெரிவிக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டி வந்த அந்த ஒலிநாடாக்களில், தன்னைப் பற்றியே தலைவர் இழித்துப் பேசியிருந்ததைக் கேட்ட சால்வடோர் கிரவானோ, அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். 1992 ஏப்ரலில் காட்டி குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை பெற்றார். அந்த ஊரில் தாள் இருந்ததால்தான் நாடா நீதிமன்றத்தில் நின்றது. யார் வக்காலத்து வாங்குவது, தம்பி?

இங்கே என்ன நிலை? பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவும் மறுஆய்வுக் குழுவும் வேண்டும் என்று சொன்னது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அதை அடியொற்றி வந்த விதிகளிலும், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளிலும், கையெழுத்திடுகிறவர் ஒரு செயலாளர், அதைச் சரிபார்க்கிறவர்கள் வேறு செயலாளர்கள். திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கென்றே எழுதிய மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு மோக்கா சட்டத்திலும், 60 நாள் அனுமதி கொடுப்பவர் உள்துறை அதிகாரி, மறுஆய்வுக் குழுவுக்குத் தலைவர் தலைமைச் செயலாளர். உச்ச நீதிமன்றம் 2008இல் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது, நான் மதிக்கிறேன். மதிப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. மாமியார் கணக்கு எழுத, நாத்தனார் தணிக்கை செய்கிற வீட்டில், நெய் குறைந்ததற்கு மருமகள்தானே பதில் சொல்வாள்?

காலம் மாறிவிட்டது, கும்பல்கள் எல்லாம் யாரும் ஊடுருவ முடியாத செயலிகளில் பேசுகின்றன என்பது இன்னொரு வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க, ஆஸ்திரேலியக் காவல் துறைகள் பாதுகாப்பானது என்று நம்பவைத்த 'அனோம்' என்ற கைபேசியைத் தாங்களே மறைமுகமாகக் குற்றவாளிகளிடம் புழங்கவிட்டு, ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் செய்திகளைப் படித்து, 2021 ஜூனில் 800க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்ததைக் கெட்டிக்காரத்தனம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவி எவ்வளவுக்குக் கெட்டிக்காரத்தனமாகிறதோ, அவ்வளவுக்குத் தாளைப் பற்றிய கேள்வியும் பெரிதாகத்தானே வேண்டும்?

இதை எனக்குச் சட்டப் புத்தகம் சொல்லித் தரவில்லை. தானியங்கி வராத காலத்தில், தென்மாவட்டத்துச் சிறிய ஊர் ஒன்றின் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். பிளக்கைச் சொருகி, இணைப்புக் கொடுத்து, விசையைத் தள்ளினால் இரண்டு பக்கப் பேச்சும் காதில் விழும். இணைப்பு கிடைத்துவிட்டதா என்று பார்க்க ஒரு நொடி கேட்கலாம். நாங்கள் ஒரு நொடியோடு நிறுத்தவில்லை. பொழுது போகாத இரவுப் பணிகளில் நானும் கேட்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் இதை இப்போதுதான் எழுதுகிறேன். கேட்கத் தொடங்குகிற வரையில்தான் காரணம் தேவைப்படும், தம்பி. பிறகு அது பழகிவிடும்.

ஒரு நாள் சூப்பர்வைசர் சாதாரண உடையில் இருந்த ஒருவரை அழைத்து வந்து, ஊரில் ஒரு வியாபாரியின் எண்ணைச் சொல்லி, கடத்தல் கும்பலோடு தொடர்புள்ள ஆள், வருகிற போகிற பேச்சையெல்லாம் குறித்து வை என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று நான் கேட்டேன். தைரியத்தால் அல்ல, பிறகு மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தால் கேட்டேன். எழுத்து வரவில்லை, அடுத்த மூன்று மாதங்கள் எனக்குத் தொடர்ந்து இரவுப் பணி வந்தது. வேறொருவர் கேட்டார், குறித்தார். அந்தக் குறிப்பில் கடத்தல் எதுவும் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது, வழக்கு என்று எதுவும் வரவில்லை. ஆனால் அந்த வியாபாரியின் மகளுக்கு வலிப்பு நோய் இருப்பதும், மதுரையில் மருத்துவரிடம் காட்டி வருவதும், வரன் பேசுகிற வீட்டாரிடம் அதை எப்போது சொல்வது என்று பெற்றோர் தவித்ததும் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. வரன் நின்றுபோனது.

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அந்தப் பெண்ணுக்கு அது இருந்தது. வருடக்கணக்கில் பெயரைப் பதிந்து காத்திருந்து வாங்கிய அந்த இணைப்பை அவருடைய அப்பா அடுத்த மாதமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பலகையில் அந்த எண்ணின் துளைமேல் வெள்ளைத் தாளை ஒட்டியவள் நான்தான். நான் கேட்ட தாள் மட்டும் கடைசி வரை வரவில்லை.