கட்டியங்காரன் இடத்தில் தலைவர்கள்

2020 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு அம்மாவும் நானும் பிக் பாஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நான்காவது சீசன். வீட்டுக்குள் ஒரு வாரமாக மறுத்துவந்த ஒரு விஷயத்தைப் போட்டியாளர் ஒருவர் ஒப்புக்கொள்ளும்வரை கமல் ஹாசன் மென்மையாகவும் விடாமலும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த மனுஷன் கேக்கறதுல நியாயம் இருக்கு பாரு, யாரையும் விட்டுவைக்க மாட்டேங்கறாரு" என்று அம்மா சொன்னார். அம்மா சொன்னது தொகுப்பாளரைப் பற்றித்தான். ஆனால் அதே மனிதர் அந்த மாதம் 13ஆம் தேதி மதுரையில் தம் கட்சியின் சட்டமன்றத் தேர்தல் பரப்புரையைத் தொடங்கியிருந்தார். வார நாட்களில் வாக்கு கேட்டவர், வார இறுதியில் நம் வரவேற்பறையில் நீதி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கமலின் கலை மீது பெரும் மதிப்பு உண்டு. அதனால்தான் அன்று ஏற்பட்ட உறுத்தல் இன்றுவரை நீங்கவில்லை.

அரசியல் தலைவர்கள் நகைச்சுவை, கேளிக்கை நிகழ்ச்சிகளில் தோன்றலாமா என்ற கேள்விக்கு நம்மிடையே வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. அவர்களும் மனிதர்கள்தானே, சிரித்துவிட்டுப் போகட்டும் என்பது ஒன்று. பதவியின் கண்ணியம் கெட்டுவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. சிரிப்பதால் கண்ணியம் கெடுவதில்லை. என் கவலை, அந்த மேடையில் தலைவர் எந்த நாற்காலியில் அமர்கிறார் என்பதைப் பற்றியது. கேள்விக்குப் பதில் சொல்லும் விருந்தினராக ஒருநாள் வந்துபோவது வேறு. வாரந்தோறும் வந்து பிறரை எடைபோடும் நடுவராகவோ தொகுப்பாளராகவோ ஊதியம் பெற்று அமர்வது முற்றிலும் வேறு.

பிக் பாஸ் பார்ப்பவர்களுக்குக் 'குறும்படம்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. போட்டியாளர் சொல்வது பொய் என்று தெரிந்தால், வீட்டுக் கேமராக்கள் பதிவுசெய்த காட்சியைத் திரையிட்டு எல்லோர் முன்னிலும் உண்மையை நிறுவுவார்கள். அந்தக் காட்சியை முன்வைத்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவர் கமல். 2017 ஜூனில் அவர் அந்த மேடைக்கு வந்தபோது அவருக்குக் கட்சி இல்லை. 2018 பிப்ரவரி 21 அன்று மதுரையில் மக்கள் நீதி மய்யம் தொடங்கியது. நான்கே மாதங்களில் இரண்டாவது சீசன் வந்தது, தொகுப்பாளர் மாறவில்லை. ஏழாவது சீசன்வரை அவரே தொடர்ந்தார். 2024 ஆகஸ்டில்தான், திரைப்பட வேலைகளைக் காரணமாகச் சொல்லி, விலகியிருப்பதாக அறிவித்தார். ஆக, ஆறு சீசன்களில் ஒரு கட்சியின் தலைவர் மற்றவர்களுக்குக் குறும்படம் போட்டுக் காட்டினார். அவருடைய அரசியல் பேச்சுக்கு, அவருடைய கூட்டணி முடிவுகளுக்கு, அவருடைய வேட்பாளர் தேர்வுக்குக் குறும்படம் போட்டுக் காட்டும் ஏற்பாடு அந்த மேடையில் இல்லை. அங்கே கேள்வி எப்போதும் ஒரே திசையில்தான் பாய்ந்தது.

"அப்படியென்ன ஆதாயம் கண்டுவிட்டார்? 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றாரே" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தோற்றார் என்பது உண்மை. ஆனால் இந்தத் தீங்கை வாக்கு எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். கேள்வி கேட்கப்படாமலேயே நியாயவான் என்று பெயரெடுக்கும் வாய்ப்பு ஒரு தலைவருக்குக் கிடைக்கிறது என்பதுதான் என் குறை. அதைப் பயன்படுத்தி அவர் வென்றாரா தோற்றாரா என்பது அடுத்த விஷயம். நடிப்பு அவருடைய தொழில், அதில் வரும் வருமானத்தில்தான் கட்சியை நடத்துகிறார், மக்கள் பணத்தைத் தொடவில்லை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அவர் திரைப்படத்தில் நடிப்பதை நான் குறைசொல்லவில்லை. படத்தில் அவர் இன்னொரு மனிதராக வேடம் ஏற்கிறார். பார்ப்பவருக்கும் அது தெரியும். பிக் பாஸ் மேடையில் அவர் வேடம் எதுவும் ஏற்காமல் தம் சொந்தப் பெயரிலேயே நின்றார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், திருத்தணியிலிருந்து எட்டிவிடும் தொலைவில் இருக்கிறது நகரி. தமிழ்த் திரை ரசிகர்கள் நன்கறிந்த ரோஜா, 2014இலும் 2019இலும் அந்தத் தொகுதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் வென்றவர். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் ஈ டிவியின் 'ஜபர்தஸ்த்' நகைச்சுவை நிகழ்ச்சியில் நடுவராகவும் இருந்தார். இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. ஈ டிவி, ஈநாடு குழுமத்தைச் சேர்ந்தது. ரோஜாவின் கட்சித் தலைமை நாள்தோறும் எதிரியாகச் சாடிவந்த குழுமம் அது. செய்திப் பக்கத்தில் பகை, சிரிப்பு மேடையில் உறவு என்று இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2022 ஏப்ரலில் அமைச்சரானபோது ரோஜா அந்த நிகழ்ச்சியிலிருந்து விலகினார். அந்த முடிவைப் பாராட்டுகிறேன். ஆனால் சட்டமன்ற உறுப்பினராகப் பொறுப்பேற்ற நாளிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

சட்டம் இதைத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் பஞ்சாபில் அமைச்சரான நவ்ஜோத் சிங் சித்து, கபில் சர்மாவின் நகைச்சுவை நிகழ்ச்சியில் தொடர விரும்பியபோது, முதல்வர் அமரீந்தர் சிங் சட்டக் கருத்து கேட்டார். தடையேதும் இல்லை என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் சொன்னார். சித்துவும் தொடர்ந்தார். மக்கள் பிரதிநிதியின் பதவியைப் பறிக்கக்கூடிய 'ஆதாயம் தரும் பதவி' என்று அரசியலமைப்பு சொல்வது அரசின் கீழ் உள்ள பதவியைத்தான். தனியார் தொலைக்காட்சியின் நாற்காலி அதில் வராது. எனவே இதை முடிவுசெய்ய வேண்டியவை கட்சிகளும் பார்வையாளர்களான நாமும்தான்.

விருந்தினராக வருவதில் தவறில்லை என்றேன். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: கேட்பவர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் ஆஹா என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தில் 'அன்ஸ்டாப்பபிள்' இரண்டாவது சீசனின் முதல் விருந்தினராகச் சந்திரபாபு நாயுடு வந்தார். கேள்வி கேட்டவர் நந்தமூரி பாலகிருஷ்ணா. இவர் நாயுடுவின் மைத்துனர், சம்பந்தி, தெலுங்கு தேசம் கட்சியின் ஹிந்துபூர் சட்டமன்ற உறுப்பினர். 1995 ஆகஸ்டில் என்.டி. ராம ராவிடமிருந்து கட்சியும் ஆட்சியும் கைமாறிய நிகழ்வைப் பற்றி அங்கே பேச்சு வந்தது. ஆந்திர அரசியலின் ஆறாத காயம் அது. அதைப் பற்றிக் கேட்டவர் என்.டி.ஆரின் மகன், அந்த நாட்களில் நாயுடுவின் பக்கம் நின்றவர். இருவர் குரலும் தழுதழுத்தன என்றால் அதை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், குடும்பத் துயரம் யாருக்கும் உண்டு. ஆயினும், மறுதரப்பின் குரல் இல்லாத ஓர் அறையில், ஒரே கட்சியின் இரு தலைவர்கள், இசைப் பின்னணியோடு, வரலாற்றின் ஒரு பக்கத்தைத் தங்கள் விருப்பப்படி எழுதிக்கொண்டார்கள். கேளிக்கை நிகழ்ச்சி என்ற பெயர் இல்லாவிட்டால் அதைக் கட்சிப் பிரசாரம் என்றே சொல்லியிருப்போம். 2024 அக்டோபரில் நான்காவது சீசனைத் தொடங்கிவைத்த விருந்தினரும் நாயுடுதான். அப்போது அவர் முதலமைச்சர்.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, ஒரு வேட்பாளருக்கு ஒளிபரப்பு நேரம் கொடுத்தால் போட்டியாளர் கேட்கும்போது அவருக்கும் இணையான வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. செய்தி நேர்காணலுக்கு விலக்கு உண்டு, நகைச்சுவை நாடகத்துக்கு இல்லை. 2024 நவம்பர் 2 அன்று என்பிசியின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் கமலா ஹாரிஸ் சில நிமிடங்கள் தோன்றினார். மறுநாளே அதே நிறுவனம் தன் விளையாட்டு ஒளிபரப்பின்போது டொனால்ட் டிரம்ப்புக்கு நேரம் ஒதுக்கியது. நம் நாட்டில் தேர்தல் காலத்தில் தூர்தர்ஷனும் வானொலியும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு நேரம் பங்கிட்டுத் தருகின்றன. தனியார் கேளிக்கை அலைவரிசைகளுக்கு அப்படியொரு கடமை இல்லை. தமிழ்நாட்டிலோ ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று அலைவரிசையின் பெயரைச் சொன்னாலே எந்தக் கட்சி என்று குழந்தையும் சொல்லும். இங்கே ஒரு தலைவரைச் சுதந்திரமாகக் கேலி செய்யும் மேடை எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

தெருக்கூத்தில் ராஜா கொலுவுக்கு வரும்போது, கதையை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரன் அவரை மறித்துக் கேட்பான்: நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய்? ஊரே சிரிக்கும், ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். பல தலைமுறைகளாக நம் மக்கள் அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்ற இடம் அது. ராஜாவே கட்டியங்காரனின் இடத்தையும் எடுத்துக்கொண்டால், அந்த ராஜாவை மறிப்பதற்குக் கூத்தில் ஆளில்லாமல் போய்விடும். தலைவர்கள் சிரிப்பு நிகழ்ச்சிகளின் உள்ளே வருவதை நான் அஞ்சுவது இதனால்தான்.

2022 ஜனவரியில், பொங்கலையொட்டி, ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் மன்னனும் அமைச்சருமாக வேடமிட்டு ஒரு நகைச்சுவைக் காட்சியை நடித்தார்கள். பண மதிப்பிழப்பையும் வெளிநாட்டுப் பயணங்களையும் பற்றி அதில் கேலி இருந்தது. பிரதமரை அவமதித்துவிட்டதாக பாஜகவினர் புகார் கொடுத்தார்கள். இரண்டே நாட்களில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விளக்கம் கேட்டு அலைவரிசைக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்புதான் அதே பிரதமர், கார்பெட் காட்டில் பியர் கிரில்ஸுடன் நடந்த 'மேன் வெர்சஸ் வைல்ட்' நிகழ்ச்சியில், நாடு முழுவதும் பார்க்க, மகிழ்ச்சியோடு தோன்றியிருந்தார். அந்தக் காட்டில் பணமதிப்பிழப்பு பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் அந்த இரண்டு சிறுவர்கள்தான். அன்று அந்த அரங்கின் முதல் வரிசையில் ஓர் அமைச்சராவது வந்து அமர்ந்து, அந்தக் காட்சியை முழுவதும் பார்த்துவிட்டுக் கைதட்டியிருந்தால், கேளிக்கை நிகழ்ச்சிக்குத் தலைவர்கள் வருவதை வரவேற்று இந்தப் பதிவை எழுதியிருப்பேன்.