அந்த டவுன் சிண்ட்ரோம் பதிவைப் பற்றி, கடைசியாக

நேத்து நடந்ததைப் பார்த்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவங்களுக்கு: டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் செல்லுக்குள்ள மரபுத் தகவலைச் சுமக்கிற க்ரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருக்கிறதுதான்னு கண்டுபிடிச்சவர் பிரெஞ்சு டாக்டர் ஜெரோம் லெஜன்னு அண்ணன் ஒருத்தர் பதிவு போட்டிருந்தார். மார்த் கோத்தியே பேரையும் சேர்த்துக்கோங்கண்ணான்னு ஒரு கமெண்ட் போட்டேன். அவ்வளவுதான் என் குத்தம். "கண்டுபிடிச்சது ஜெரோம் லெஜன், அந்தம்மா டெக்னீஷியன் வேலைதானே பார்த்தாங்க"ன்னார் அண்ணன். அதுக்கு ஹார்ட் மழை வேற.

டெக்னீஷியன் வேலையா? கோத்தியே குழந்தை மருத்துவர். 1955ல் ஹார்வர்டு போய் செல் கல்ச்சர், அதாவது உடம்புக்கு வெளியே லேபில் செல் வளர்க்கிறது, கத்துக்கிட்டு பாரிஸ் திரும்பினவர். ட்ரூஸோ ஆஸ்பத்திரியில் கிடைச்சது ஒரு பழைய ஃப்ரிட்ஜும் சுமாரான மைக்ராஸ்கோப்பும். கண்ணாடிச் சாமான் வாங்கச் சொந்தமா கடன் வாங்கினார். செல் வளர்க்கத் தேவையான ரத்த பிளாஸ்மாவுக்குச் சேவல் வளர்த்தார். சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்தார். 1958 மே மாசம், டவுன் சிண்ட்ரோம் குழந்தையோட செல்லில் 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 க்ரோமோசோம்! அந்த மைக்ராஸ்கோப்பில் போட்டோ எடுக்க வழியில்லை. ஸ்லைடை எடுத்துட்டுப் போனவர்தான் லெஜன். 1959 ஜனவரியில் கட்டுரை வந்தப்போ முதல் பேர் அவருது. கோத்தியே பேர் ரெண்டாவது, அதுவும் எழுத்துப் பிழையோட.

"லெஜனும் உழைச்சாரே?" உழைச்சார். இல்லைன்னு எங்கே சொன்னேன்? 2021ல் போப் அவரை வணக்கத்துக்குரியவர்னு அறிவிச்சாச்சு, நாளைக்குப் புனிதரே ஆகட்டும். ஸ்லைடு யாருது? அதை மட்டும் சொல்லுங்க.

"அப்புறம் ஏன் அந்தம்மா 50 வருஷம் வாயைத் திறக்கல?" இதுதான் வலிக்குது. நானும் ஒரு லேபில் எட்டு மாசம் செல் வளர்த்தேன். தீபாவளி அன்னிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச தலை காயுறதுக்குள்ள செல்லுக்குச் சாப்பாடான மீடியம் திரவத்தை மாத்த ஓடினேன். செல்லுக்குத் தீபாவளி தெரியுமா? கட்டுரை வந்தது. என் பேர் கடைசியில், நன்றி சொல்ற பத்தியில். "பேர் வந்திருக்கே, ஸ்வீட் எங்கே?"ன்னாங்க. வாங்கிட்டும் போனேன். வாயைத் திறக்கலையேன்னு கேக்குறவங்க அந்த மைசூர்பாகைச் சாப்பிட்டதில்லை.

சரி, திறந்தா என்ன ஆகும்? 2014ல் போர்தோ நகர மரபியல் மாநாட்டில் இந்தக் கண்டுபிடிப்பில் தன் பங்கைப் பத்திப் பேச வந்தார் கோத்தியே, 88 வயசில். லெஜன் பேரில் இருக்கிற அறக்கட்டளை கோர்ட் அனுமதி வாங்கி, பேச்சைப் பதிவு பண்ண ஆள் அனுப்பிச்சது. வழக்கு வருமோங்கிற பயத்தில் பேச்சு ரத்து. அதே வருஷம் பிரான்ஸின் அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்மின் நெறிமுறைக் குழு, இந்தக் கண்டுபிடிப்பில் லெஜன் பங்கு முதன்மையா இருந்திருக்க வாய்ப்பு குறைவுன்னு சொன்னது. நான் சொன்னா பொறாமை, அவங்க சொன்னாலுமா?

அண்ணன் இன்னிக்குக் காலையில் பதிவைத் திருத்திட்டார். தலைப்பில் லெஜன் அப்படியே இருக்கார். கடைசி வரியில் மட்டும் புதுசா, "தகவலுக்கு நன்றி சகோதரி."