பாய்லர் வாய் 15 மி.மீ. என்றால் குழாயும் 15 மி.மீ. போதுமா?

"பாய்லரின் எரிவாயு இணைப்பே 15 மி.மீ.தான், அதனால் எரிவாயு மீட்டரிலிருந்து முழுக்க 15 மி.மீ. செம்புக் குழாய் போட்டால் போதும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. இதை நம்பி யாரும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

இணைப்பு வாயின் அளவு குழாயின் அளவைத் தீர்மானிப்பதில்லை. பிரிட்டனில் இயற்கை எரிவாயுவுக்கு, எல்லாச் சாதனங்களும் முழு வேகத்தில் எரியும்போது, மீட்டருக்கும் பாய்லருக்கும் இடையே அழுத்த இழப்பு 1 மில்லிபாருக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது. 24 கிலோவாட் காம்பி பாய்லருக்கு (வீட்டைச் சூடாக்குவதோடு குழாயில் வெந்நீரும் தருவது) மணிக்குச் சுமார் 2.5 கன மீட்டர் வாயு வேண்டும். 9 மீட்டர் நீள 15 மி.மீ. குழாயில் அந்த வரம்புக்குள் போவது ஏறக்குறைய 1.5 கன மீட்டர்தான். 22 மி.மீ. என்றால் தாராளமாகப் போகும். இதில் முழங்கை இணைப்பு ஒவ்வொன்றையும் அரை மீட்டர் கூடுதல் நீளமாகக் கணக்கிட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அப்புறம், அடுப்புக்கும் சேர்த்து வாயு போகும் பகுதி இரண்டின் தேவையையும் தாங்க வேண்டும். கடைசி ஒரு மீட்டர் மட்டும் 15 மி.மீ. என்றால், மொத்த இழப்பு வரம்புக்குள் இருக்கும்வரை சரி.

பாய்லர் எரியத் தொடங்குவதை மட்டும் வைத்து அளவு சரி என்று முடிவு செய்யாதீர்கள். கேஸ் சேஃப் (பிரிட்டனில் எரிவாயு வேலை செய்வோரின் அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவுள்ளவரிடம், எல்லாம் எரியும்போது அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.