ஆபிங்குக்கு எதற்கு எண்பது பேர்?

சீன இசை என்றால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய அரங்குகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஒரே உடையில் எழுபது எண்பது பேர். நடுவில் இசை நடத்துநர். வயலின்கள் உட்காரும் இடத்தில் எர்ஹூக்கள் (வில்லால் வாசிக்கும் இரண்டு நரம்பு வாத்தியம்), பின்னால் செல்லோவும் டபுள் பேஸும், கடைசியில் பெரிய பெரிய முரசுகள். முடிந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. வாசிப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களில் பலர் அசாத்தியமான கலைஞர்கள். அவர்களை உட்காரவைத்திருக்கும் அந்த அமைப்போடுதான் எனக்குச் சண்டை.

அது ஏதோ ஆயிரம் வருடப் பழைய சீன அரசவை வழக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. சீனாவின் பழைய அரசவைகளில் பெரிய குழுக்கள் இருந்தன, ஆனால் இன்று மேடையில் நாம் பார்ப்பது 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1920-களில் ஷாங்காயில் தொடங்கிய முயற்சிகள், பிறகு 1953-ல் பெய்ஜிங்கில் வானொலிக்காக அமைக்கப்பட்ட குழு, அதை வளர்த்தெடுத்த இசை நடத்துநர் பெங் சியூவென் என்று அதன் வரலாறு போகிறது. எதிரே மாதிரியாக இருந்தது மேற்கத்திய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. அந்த மாதிரிக்குப் பொருந்த வாத்தியங்களையே மாற்றினார்கள். விரலால் மீட்டும் பிப்பாவில், வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் பன்னிரண்டு சம சுரங்களுக்கு ஏற்ப மாற்றி அமைக்கப்பட்டன. பட்டு நரம்பு போய் உலோகத் தந்தி வந்தது. பல குழல்கள் கொண்ட ஷெங்குக்கும் நாதஸ்வரம் போன்ற சுவோனாவுக்கும் விரலால் அழுத்தும் சாவிகள் முளைத்தன. சீன வாத்தியங்களில் கீழ்ஸ்தாயிக்கு வலு போதவில்லை என்று புதிய வாத்தியமே செய்து பார்த்தார்கள், பல குழுக்களில் கடைசியில் செல்லோவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் இழந்தது என்ன என்று புரிய ஷாங்காய்ப் பக்கத்துத் தேநீர்க்கடை இசையைக் கேட்க வேண்டும். ஜியாங்நான் சிஜூ என்பார்கள். ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டுதான், ஆனால் ஒவ்வொருவரும் தன் வாத்தியத்துக்கு ஏற்றபடி. புல்லாங்குழல் நெளிக்கிற இடத்தில் எர்ஹூ ஒதுங்கிக்கொள்ளும், பிப்பா இடைவெளி விட்டால், குச்சியால் தட்டி வாசிக்கும் யாங்சின் அதை நிரப்பும். யாரும் கையசைத்து நடத்துவதில்லை. காது கொடுத்துக் கேட்டுத்தான் வாசிக்கிறார்கள். பக்கத்து மேசையில் பேச்சு நடக்கும், தேநீர் வரும், போகும். இதே மெட்டைப் பெரிய குழுவுக்கு எழுதி, பதினைந்து எர்ஹூக்கள் ஒரே திசையில் வில்லை இழுக்கும்போது அந்த உரையாடல் செத்துவிடுகிறது. மிஞ்சுவது மெட்டு மட்டும்.

ஆபிங்கின் கதை இன்னும் கூர்மையானது. வூஷி நகரத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த பார்வையற்ற கலைஞர் அவர். 1950 கோடையில் யாங் யின்லியு, சாவ் ஆன்ஹ என்ற இரண்டு இசை ஆய்வாளர்கள் கம்பி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அவர் வாசித்த ஆறு உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். மூன்று எர்ஹூவில், மூன்று பிப்பாவில். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஆபிங் இறந்துபோனார். அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதில் ஒன்றுதான் 'எர்ச்சுவான் யிங்யுவே', இன்று எர்ஹூ கற்கும் ஒவ்வொருவரும் வந்து நிற்கும் உருப்படி. பதிவில் இரைச்சல் உண்டு. தடித்த பட்டு நரம்பு, தாழ்ந்த சுருதி. வில் சில இடங்களில் நரம்பைத் தேய்த்துக்கொண்டு போகிறது. அழகாக வாசிக்க வேண்டும் என்ற எண்ணமே அதில் இல்லை.

பிறகு அது தந்தி வாத்தியக் குழுவுக்கான வடிவமானது, உலகெங்கும் மேடையேறியது. 1978-ல் ஜப்பானிய இசை நடத்துநர் சேஜி ஓசாவா பெய்ஜிங்கில் அந்த வடிவத்தை நடத்தினார். அதற்குப் பிறகு இசைக் கல்லூரியில் ஒரு மாணவி எர்ஹூவில் தனியாக அதை வாசிக்கக் கேட்டபோது கண் கலங்கிவிட்டார் என்றும், இதை மண்டியிட்டுத்தான் கேட்க வேண்டும், முன்பே கேட்டிருந்தால் அந்த வடிவத்தை நடத்தத் துணிந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் பேசினார் என்றும் சீனாவில் இன்றுவரை சொல்கிறார்கள். பாஸ்டன் சிம்பொனியின் தலைவராக இருந்தவர், மேற்கத்திய இசை உலகின் உச்சியில் நின்றவர். அவருக்கே ஒற்றை எர்ஹூ போதுமானதாக இருந்திருக்கிறது. பிறகு யாருக்காக எண்பது பேர்?

பிப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஷிமியென் மாய்ஃபூ' என்று ஓர் உருப்படி. கி.மு. 202-ல் நடந்த கைஷியா போரைச் சொல்வது. முரசு, குதிரைக் குளம்பு, வாள் உரசல், ஓலம் எல்லாம் ஒரே ஆளின் பத்து விரல்களிலிருந்து வரும். இரண்டு தந்திகளை ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிப் பிடித்து அடிக்கும்போது உலோகம் மோதுவதுபோலவே கேட்கும். அந்த வாத்தியத்தின் சாகசமே அதுதான். அதற்கும் பெருங்குழு ஏற்பாடு இருக்கிறது. நிஜ முரசு வந்து முரசு அடிக்கிறது! முரசே இல்லாமல் முரசைக் கேட்கவைத்ததுதானே கலை?

இதைச் சொன்னால் 'கலப்பே கூடாதா?' என்று கேட்பார்கள். தாராளமாகக் கலக்கட்டும். 'பட்டாம்பூச்சிக் காதலர்' வயலின் கான்செர்ட்டோ எனக்கு உயிர். ஹெ ஜான்ஹாவ், சென் காங் என்ற இரண்டு மாணவர்கள் ஷாங்காய் இசைக் கல்லூரியில் எழுதியது, 1959-ல் யூ லினா என்ற மாணவி முதன்முதலில் வாசித்தது. கிட்டத்தட்ட எல்லாமே மேற்கத்திய வாத்தியங்கள்தான். ஆனால் வயலின் அதில் ஷாவோஷிங் நாடகப் பாட்டைப் பாடுகிறது, எர்ஹூ போல வழுக்கி இறங்குகிறது. காரணம், வியன்னாவைத் திருப்திப்படுத்த அவர்கள் அதை எழுதவில்லை. வயலினை அன்னியமாகப் பார்த்த சீன மக்களிடம் அதைக் கொண்டுபோகத்தான் எழுதினார்கள். இசையமைப்பாளர் தான் துன் 1994-ல் எழுதிய 'கோஸ்ட் ஆப்பரா'வும் அப்படித்தான். நான்கு தந்தி வாத்தியங்கள், ஒரு பிப்பா, கூடவே தண்ணீர், கல், காகிதம். ஹூனான் கிராமத்துச் சடங்குகளின் நினைவிலிருந்து வந்தது. இந்த இரண்டிலும் யாருக்கும் எதையும் நிரூபிக்கும் பதற்றம் இல்லை.

பதற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வியன்னாவின் புகழ்பெற்ற இசை அரங்கான 'தங்க மண்டப'த்துக்குப் போக வேண்டும். 1998-ல் சீனப் புத்தாண்டையொட்டி சீனத் தேசிய மரபிசைக் குழு அங்கே வாசித்தது, அது பெரிய நிகழ்வு. மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சின்ன ஊர்க் குழுக்களும் பள்ளிப் பாடகர் குழுக்களும்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, இலவச டிக்கெட் கொடுத்து, ஊருக்குத் திரும்பி 'வியன்னாவை வென்றோம்' என்று செய்தி போடுவது வழக்கமாகிவிட்டது. சீனப் பத்திரிகைகளே இதைக் கண்டித்து எழுதின. அந்த இருக்கைகளில் இருந்தவர்கள் எந்த இசையைக் கேட்டார்கள், என்ன புரிந்துகொண்டார்கள் என்று கவலைப்பட ஆள் இல்லை. புகைப்படம் போதும்.

பெருங்குழுக்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இசைக் கல்லூரியை முடித்து வரும் இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் தருவது அந்தக் குழுக்கள்தான். ஹாங்காங் குழு எர்ஹூவுக்கு மலைப்பாம்புத் தோல் இல்லாமல் செயற்கைச் சவ்வு போட்டுச் செய்திருக்கிறது, தனிக் கலைஞரால் அதெல்லாம் முடியாது. சரி, குழுக்கள் இருக்கட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 'இதுதான் சீன இசை' என்று அதை மட்டுமே அனுப்பாதீர்கள் என்கிறேன்.

வேறு வழி இல்லாமலில்லை. வூ மான் காட்டியிருக்கிறார். ஹாங்ஜோவில் பிறந்து 1990-ல் அமெரிக்கா போன பிப்பா கலைஞர். அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் அவருக்காகவே பிப்பா கான்செர்ட்டோ எழுதினார், செல்லோ கலைஞர் யோ-யோ மாவின் சில்க் ரோடு குழுவில் தொடக்கத்திலிருந்தே இருந்தவர். அவ்வளவு பெயர் வந்த பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஷான்ஷி மாகாணத்துக் கிராமங்களுக்குப் போனார். ஹுவாயின் பக்கத்தில் தோல்பாவைக் கூத்துக்குப் பரம்பரையாகப் பாடும் ஜாங் குடும்பத்தாரைக் கண்டு, 2009-ல் கார்னகி ஹால் நடத்திய சீன விழாவுக்கு அழைத்துவந்தார். விவசாயிகள். தொண்டை கிழியக் கத்திப் பாடுவார்கள், ஒருவர் மர பெஞ்சைத் தூக்கிக் கட்டையால் அடிப்பார். நியூயார்க் மக்கள் அதை ரசித்தார்கள். யாரும் அதை மெருகேற்றித் தர வேண்டியிருக்கவில்லை.

மேற்கத்திய அரங்க நிர்வாகிகளிடமும் எனக்குக் கோபம் உண்டு. பெருங்குழு வாசித்தால் 'சினிமாப் பின்னணி இசை மாதிரி' என்று விமர்சனம். கிராமத்துக் குழு வந்தால் 'மர்மமான கிழக்கு' என்று விளம்பரம். நிகழ்ச்சிக் கையேட்டில் நிலா, மலை, காதலர் கதை என்று பக்கம் பக்கமாக இருக்கும். குச்சின் என்ற ஏழு நரம்பு வாத்தியத்தில் வலது கை மீட்டிய ஒலி தேய்ந்த பிறகும் இடது கை நரம்பின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும், அந்தக் கமகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. குச்சின் ஓர் அறையில் இரண்டு மூன்று பேருக்கு வாசிக்கப்பட்ட வாத்தியம். இரண்டாயிரம் பேர் அரங்கில் மைக் வைத்து அதைப் பெரிதாக்குவதைவிட, இருநூறு பேர் அறையில் நான்கு நாள் நடத்தலாமே. பணம் குறைவாக வரும், தெரியும். 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றிய இசைத்தட்டில் க்வான் பிங்ஹு தனியாக வாசித்த குச்சின் இருக்கிறது. அந்தத் தட்டின் இசைத்துண்டுகளில் அதுதான் நீளமானது. விண்வெளிக்கு ஒற்றை ஆள் போதும் என்று முடிவெடுக்க முடிந்தவர்களுக்கு லண்டனுக்கும் பெர்லினுக்கும் அப்படி முடிவெடுக்க ஏன் தயக்கம்?

ஆபிங்கின் 1950 பதிவு இணையத்தில் கிடைக்கிறது. நல்ல ஹெட்போனில், இரைச்சலைப் பொருட்படுத்தாமல் இரண்டு முறை கேளுங்கள். அப்புறம் தந்திக்குழு வடிவத்தையும் கேளுங்கள். குழு வடிவம்தான் பிடித்தது என்றால் கட்டாயம் எழுதுங்கள். எந்த இடத்தில், ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.