கரடி பொம்மை வேண்டாம், ஆள் போடுங்கள்

பிறந்தநாளுக்கு உங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்கிற நண்பர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். புசுபுசு கரடி பொம்மை வேண்டாம். அதைத் துடைக்க முடியாது. துவைத்தால் குன்னூர் மழையில் லேசில் காயாது. ஒரு பிள்ளையின் சளி அடுத்த பிள்ளைக்குப் போக அது ஒன்றே போதும். சோப்புப் போட்டுக் கழுவுகிற பிளாஸ்டிக் சாமான், கிரேயான், வெள்ளைத்தாள் கொடுங்கள். ஃபோட்டோ எடுக்காமல் கிளம்பினால் இன்னும் சந்தோஷம்.

குழந்தைகள் வார்டில் பிள்ளைகளோடு விளையாடுவதுதான் என் வேலை. "இதுக்கெல்லாமா சம்பளம்?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். ட்ரிப்ஸ் ஊசி போடுவதற்கு முன்னால் ஒருநாள் வந்து பாருங்கள். பொம்மையின் கையில் பிள்ளையே ரப்பர் பட்டையைக் கட்டும், பஞ்சால் துடைக்கும், ஊசி கழற்றிய சிரிஞ்சை வைத்து அழுத்தும், பிளாஸ்திரி ஒட்டும். அப்புறம் மெதுவாகக் கேட்கும்: "வலிக்குமா அக்கா?"

"வலிக்கும். சுருக்குன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல போயிடும். அழணும்னா அழு, கையை மட்டும் ஆட்டாதே."

இந்த பதிலுக்காக என்னோடு சண்டை போட்ட அம்மாக்கள் உண்டு. "வலிக்காதுன்னு சொல்லுங்க மேடம்" என்பார்கள். சொல்ல மாட்டேன். ஊசி குத்திய அடுத்த நொடியே அது பொய் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் நம்மில் யார் சொல்வதையும் நம்பாது. வீட்டில் "சாப்பிடலைன்னா ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டுகிறோமே, அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் நர்ஸ் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

நெஞ்சுச் சளியோடு வருகிற பிள்ளையை "மூச்சை இழுத்து விடு" என்றால் முறைக்கும். சோப்புக் குமிழி ஊதக் கொடுத்தால் தானாகவே நீளமாக ஊதும். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளில் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். குளிர் பட்டாலோ உடம்பில் நீர் குறைந்தாலோ கை கால் வலி வந்து திரும்பத் திரும்ப அட்மிட் ஆவார்கள். அந்த வலியை விளையாட்டு தீர்க்காது, மருந்துதான் தீர்க்கும். ஆனால் ஆயுசுக்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்போகிற பிள்ளை, அந்த வாசலைக் கண்டாலே நடுங்கினால் எப்படி?

1959-லேயே இங்கிலாந்தில் ஹாரி பிளாட் என்ற டாக்டர் தலைமையிலான குழு, ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும், பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் ஊரில் பிள்ளையோடு யாராவது தங்குவது வழக்கம்தான். ஆனால் எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிற அம்மா இங்கே உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. பாட்டிதான் வருவார், பாதி நேரம் அசதியில் தூங்கிவிடுவார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியுமா?

என் சம்பளமே நன்கொடையில்தான் ஓடுகிறது. மெஷின் வாங்கித் தர ஆள் கிடைக்கிறார்கள், அதில் பெயர்ப்பலகை ஒட்டலாம் இல்லையா! நர்ஸ், லேப் டெக்னீஷியன் மாதிரி இதற்கும் நிரந்தரமாக ஒரு போஸ்ட் வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த பட்ஜெட் மீட்டிங்கில் இந்தப் பேச்சை எடுங்கள்.