96.8-க்கு ஒரு சிவப்புப் பொட்டு

அம்மாவின் பழைய வானொலிப் பெட்டியில், முள் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். அதுதான் ஒலி 96.8, எங்கள் ஊர்த் தமிழ் வானொலி நிலையம். அங்கிருந்து இம்மி இடப்பக்கம் போனால் 96.3, வலப்பக்கம் போனால் 97.2. இரண்டும் சீன நிலையங்கள். சிங்கப்பூர்ப் பண்பலையில் தமிழுக்கென்று உள்ள ஒரே வீடு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். பணிப்பெண் தூசி துடைக்கையில் முள் நகர்ந்துவிட்டால் போதும், மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் புகார் வந்துவிடும்: "உன் ரேடியோ மறுபடியும் சீனம் பேசுகிறது."

போன வாரம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "எல்லாம் செயலிக்கு வந்துவிட்டது. நிலையத்தின் பெயரில் எண் எதற்கு? எடுத்துவிடலாம்." அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

எண்ணால் குழப்பம் வரும் என்பது உண்மைதான். கோலாலம்பூரில் 96.3 என்றால் மலேசியத் தமிழ் நிலையமான மின்னல் எஃப்எம். அங்கிருந்து வந்த என் மாமா மகன் இங்கே காரில் அதே எண்ணை வைத்துவிட்டு, சீனப் பாட்டைக் கேட்டுத் திகைத்தான். ஆனால் அவன் தேடியதும் எண்ணைத்தான். முகவரி தவறினாலும் முகவரி என்று ஒன்று இருந்தது.

எண்ணில்லாத வானொலியை நாம் ஒருமுறை பார்த்தாயிற்று. 1999-இல் சிங்கப்பூரின் ஒலிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப் 'ஸ்மார்ட்ரேடியோ' என்ற டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒரே அலைவரிசையில் பல நிலையங்களை அடுக்கி அனுப்பும் முறை அது. முள்ளைத் திருக வேண்டியதில்லை, பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் அதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் அந்தக் கருவியை நான் பார்த்ததில்லை. 2011-இல் சேவையை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அமெரிக்காவில் கூத்து வேறு மாதிரி. ஒரு நிலையத்தின் அலைக்குள்ளேயே எச்டி-2, எச்டி-3 என்று உள்வாடகைக் குடித்தனங்கள், அதாவது கூடுதல் டிஜிட்டல் நிலையங்கள், உண்டு. அவற்றில் சிலவற்றைக் குறைந்த சக்தியுள்ள ஒரு குட்டிப் பரப்பி வேறோர் பண்பலை எண்ணில் அஞ்சல் செய்யும். விளம்பரத்தில் அந்தக் குட்டி எண்தான் பெரிதாக இருக்கும். ஊர் எல்லையைத் தாண்டினால் வெறும் இரைச்சல்.

நான் செயலிக்கு எதிரி அல்ல, ரயிலில் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் இணையம் வழியாக வரும் ஒலி சற்றுப் பிந்தித்தான் வரும். சமையலறையில் பெட்டியும் கூடத்தில் என் கைப்பேசியும் ஒன்றாக ஓடினால், அம்மா கேட்டு முடித்த செய்தியை நான் பிறகு கேட்கிறேன். "நீ எந்த ஊர் ரேடியோ வைத்திருக்கிறாய்?" என்கிறார்.

எந்த நிலையமானாலும் சரி, பெயரில் எண் இருக்கட்டும். செயலியில் மட்டும் கிடைக்கும் நிகழ்ச்சி என்றால் அதை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை சொல்லட்டும். அம்மா அதைத் தேடி முள்ளைத் திருகிக்கொண்டே இருக்கிறார், நான் அலுவலகத்தில் இருக்கிறேன்.