காகெர்ன் அரைமனதாகக் கொடுத்த வாக்குரிமை

ஜெர்மனியின் வரலாறு என்றால் நம்மில் பலரும் பிஸ்மார்க்கில் தொடங்கி நேரே ஹிட்லருக்குத் தாவிவிடுகிறோம். "அவர்களுக்கு ஜனநாயகமே 1945க்குப் பிறகு வெளியே இருந்துதான் வந்தது" என்று யாராவது எழுதும்போது எனக்கு 1848இல் முதல் அனைத்து ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குத் தலைமை தாங்கிய ஹைன்ரிஷ் ஃபொன் காகெர்ன் ஞாபகம் வரும். கூடவே கோபமும் வரும். அந்தக் கோபத்தில் பாதி, அப்படி எழுதுகிறவர்கள் மேல். மீதிப் பாதி காகெர்ன் மேலேயே.

1799இல் பைராய்ட் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஹான்ஸ் கிறிஸ்டோஃப், வியன்னா மாநாட்டில் நெதர்லாந்துக்காகப் பேசிய ராஜதந்திரி. பையன் 15 வயதிலேயே வாட்டர்லூ போர்க்களத்தில் நின்றார். பிறகு சட்டப் படிப்பு, பல அரசுகளாகச் சிதறிக் கிடந்த ஜெர்மனி ஒன்றாக வேண்டும் என்று கேட்ட மாணவர் சங்கம், ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட் சிற்றரசில் உத்தியோகம். 1832இல் அங்கே சட்டமன்றத்துக்குப் போய் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசினார். உத்தியோகம் போயிற்று. வார்ம்ஸ் அருகே மோன்ஸ்ஹைமில் இருந்த குடும்ப நிலத்தில் விவசாயம் பார்க்கப் போய்விட்டார்.

அப்புறம் 1848. பாரிஸில் மூண்ட புரட்சி ஜெர்மன் அரசுகளையும் உலுக்கியது. ஏப்ரல் 20 அன்று காண்டெர்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியரசுக் கிளர்ச்சிக்காரர்களை அடக்கப் படையோடு போன அவருடைய அண்ணன் ஃபிரீட்ரிஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 19 அன்று பிராங்க்ஃபர்ட் பவுல் தேவாலயத்தில் கூடிய முதல் அனைத்து ஜெர்மன் நாடாளுமன்றம் காகெர்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அண்ணனைக் கொன்றதால்தான் அவர் குடியரசுவாதிகளை எதிர்த்தார் என்று சொல்ல நான் தயாரில்லை. மன்னரும் இருக்கவேண்டும், அவர் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்படவும் வேண்டும் என்பதுதான் அதற்கு முன்பும் அவர் கொள்கை.

அன்று தலைவர் நாற்காலியில் அமர்ந்ததும் அவர் பேசிய பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெர்மனிக்கு அரசியல் சட்டம் இயற்றும் அதிகாரம் தேசத்தின் இறையாண்மையிலிருந்து வருகிறது என்றார். முப்பதுக்கும் மேற்பட்ட முடிமன்னர்களும் சிற்றரசர்களும் அவரவர் அரண்மனையில் இருக்கும்போதே, ஒரு பிரபு இதைச் சொல்கிறார்! ஜூன் 24 அன்று இன்னும் ஒரு படி மேலே போய், மன்னர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், இடைக்கால மத்திய அரசை நாமே அமைப்போம் என்றார். ஐந்தே நாளில் ஆஸ்திரிய இளவரசர் யோஹான் அதன் தலைவராகத் தேர்வானார்.

ஆனால் அந்த அரசுக்குச் சொந்தமாக ஒரு படை கிடையாது. செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட்டிலேயே கலவரம் வெடித்தபோது, ஜெர்மன் அரசுகளில் பெரியவையான பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகியவற்றின் படைகள் வந்துதான் நாடாளுமன்றத்தைக் காப்பாற்றின. யாரைக் கட்டுப்படுத்த வேண்டுமோ, அவர்களிடமே துப்பாக்கியைக் கடன் வாங்கினார்கள். காகெர்னுக்கு இது புரியாமல் இருந்திருக்காது. டிசம்பரில் அவரே அந்த அரசின் பிரதமர் ஆனார்.

பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரிகூட வராத கட்டம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் முக்கியமானது அதுதான். பிரஷ்ய மன்னர் பரம்பரைச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்பது காகெர்ன் தரப்பின் திட்டம். அதற்கு ஓட்டு போதவில்லை. இடதுசாரி ஹைன்ரிஷ் ஸிமோனின் குழுவோடு பேரம் பேசினார்கள். சக்கரவர்த்திக்கு நாங்கள் ஓட்டுப் போடுகிறோம், பதிலுக்கு எல்லா ஆண்களுக்கும் சமமான வாக்குரிமை வேண்டும், நாடாளுமன்ற முடிவை ரத்து செய்யும் அதிகாரம் மன்னருக்கு இருக்கக்கூடாது, தள்ளிப்போட மட்டுமே முடியவேண்டும் என்றது ஸிமோன் குழு. கூலிக்காரர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஓட்டு வேண்டாம் என்று நினைத்த மிதவாதிகள் நிறையப் பேர் காகெர்ன் பக்கம்தான் இருந்தார்கள். 1849 மார்ச் 27 அன்று பரம்பரை ஆட்சி 267க்கு 263 என்று நூலிழையில் தப்பித்தது. மறுநாள் 290 பேர் பிரஷ்ய மன்னர் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்கு வாக்களித்தார்கள். 248 பேர் வாக்களிக்கவே இல்லை.

அந்த மன்னரோ முந்தின டிசம்பரிலேயே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கிரீடத்தைச் சேறும் களிமண்ணும் பிசைந்த வளையம் என்று எழுதியிருந்தார். மக்கள் கையால் வரும் முடி அவருக்கு அருவருப்பு. நவம்பரில் பெர்லினுக்கே நேரில் போய்ப் பேசிப் பார்த்துவிட்டு வந்தவர் காகெர்ன். மன்னரின் மனம் தெரிந்திருந்தும் எல்லாவற்றையும் அவர் தலையிலேயே பந்தயம் கட்டினார். என் குற்றச்சாட்டு இதுதான். பேரம் பேசியதற்காக அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேரம் இல்லாமல் அரசியல் சட்டமே வந்திருக்காது.

மன்னர் மறுத்தார். அந்த அரசியல் சட்டத்தைக் காக்க மே மாதம் சாக்சனியிலும் பாடனிலும் மக்கள் ஆயுதம் ஏந்தியபோது காகெர்ன் பதவி விலகி நாடாளுமன்றத்தை விட்டும் போய்விட்டார். தான் தலைமை தாங்கிய சபையின் சட்டத்துக்காகத்தான் அவர்கள் செத்தார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் அந்தப் பேரத்தில் பிறந்த தேர்தல் சட்டம் சாகவில்லை. 1849 ஏப்ரல் 12 தேதியிட்ட அந்தச் சட்டத்தை 1867இல் பிஸ்மார்க் தன் சொந்தக் கணக்குக்காக வெளியே எடுத்து பிரஷ்யாவின் தலைமையில் அமைந்த வட ஜெர்மன் கூட்டமைப்புக்கு வைத்தார். பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் 25 வயதான ஆண் கூலிக்காரனுக்கு இருந்தது. அப்படி நடந்த தேர்தலில் சாக்சனியிலிருந்து நாடாளுமன்றத்துக்குள் போனவர்களில் ஒருவர், பின்னாளில் சோஷலிசத் தலைவரான மரக் கடைசல் தொழிலாளி ஆகஸ்ட் பேபல். காகெர்ன் அப்போது ஹெஸ்ஸன் தூதராக வியன்னாவில் இருந்தார்.